புதுச் செயின் போட்டும் பல் தாவுகிறது, மழையில் பிரேக் இல்லை, பின் டயர் ஓயாமல் பஞ்சர்: எதை மாற்றுவது, எதை விடுவது?

ஒத்தையடிப்பாதை

வேலை நாட்களில் சென்னையின் பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் சைக்கிளில்தான் போய் வருகிறேன். போக வர இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். வண்டி ஸ்டீல் ஃபிரேம் ஹைபிரிட். டயர் 700×35, முன்னால் 48-38-28 பல், பின்னால் ஏழு கியர் 14-28 பல், வி-பிரேக் (இரண்டு கைகள் ரிம்மை இருபுறமும் கட்டையால் பிடிப்பது). வாங்கி மூன்று வருடம். என் எடை 74 கிலோ, கேரியரில் பை 5 கிலோ.

போன மாதம் கடையில் புதுச் செயின் போட்டார்கள். அதிலிருந்து பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் ‘டக்’கென்று தாவுகிறது. நடுவில் உள்ள மூன்று பல்சக்கரங்களில் மட்டும்தான், ஆகச் சின்னதிலும் ஆகப் பெரியதிலும் இல்லை. கிராங்க் (மிதி மாட்டும் கையும் முன் பல்சக்கரங்களும்), ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி), டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுவது) எல்லாவற்றையும் செட்டாக மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மழை பெய்தால் பிரேக் முதலில் கத்துகிறது, பிறகுதான் பிடிக்கிறது. பின் டயர் வேறு அடிக்கடி பஞ்சர்.

கையில் நாலாயிரம், ஐயாயிரம் இருக்கிறது. எதில் போடலாம்? கழற்றிய பழைய செயினைத் தூக்கிப் போடவில்லை.

பால்ரஸ்

முதல் கேள்விக்கு மட்டும் நான். கடைக்காரர் சொன்ன மூன்றில் உங்களுக்கு வேண்டியது ஃப்ரீவீல் மட்டும்தான். கிராங்கும் டீரெய்லரும் இருக்கட்டும்.

செயினில் கண்ணிகளைக் கோக்கும் பின்னும் (சிறு ஆணி) அது சுழலும் துளையும் தேயத் தேய, ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள 12.7 மி.மீ. இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது இதைத்தான், தகடு ஒன்றும் இழுபடுவதில்லை. நீண்ட செயின் பல்லின் அடிக்குழியில் உட்காராமல் சற்று மேலே ஏறி உட்காரும், அந்த இடத்தையே அரித்துப் பல்லைத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் ஓடிக்கொண்டிருக்கும். அதில் சரியான அளவுள்ள புதுச் செயினைப் போட்டால் சுமை பல பற்களில் பரவாமல் ஒன்றிரண்டில் விழும். அழுத்தி மிதிக்கும்போது ரோலர் (பின்னைச் சுற்றி உருளும் வளையம்) பல்லின் மேல் ஏறித் தாவிவிடும். நீங்கள் அதிகம் ஓட்டும் நடுப் பல்சக்கரங்களில் மட்டும் தாவுகிறதே, அதுதான் அடையாளம்.

தாவல் வேறு காரணத்தாலும் வரும். எல்லாக் கியரிலும், ஏறக்குறைய மூன்று மிதிச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது என்று பொருள் (112 கண்ணிச் செயின் 38 பல்லில் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு ஆகும்). அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் லேசாக வளைத்து அசைத்தால் விட்டுவிடும். மிதி முன்பக்கமாகச் சும்மா சுழன்று சக்கரத்தைப் பிடிக்கவே இல்லை என்றால் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் நாக்கு போயிற்று. பக்கத்துப் பல்லுக்குப் போகப் பார்ப்பதுபோல் கறகறவென்று சத்தம் வந்தால் கேபிள் இழுவை சரியில்லை, அல்லது டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. இந்த மூன்றில் இரண்டாவதற்கு மட்டும்தான் ஃப்ரீவீல் மாற்றிப் பயன்.

பழைய செயினை அளந்துவிடுங்கள். 30 செ.மீ. ஸ்கேல் போதாது, 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வையுங்கள். அங்கிருந்து 24-வது பின்னின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். புதியதில் 304.8 மி.மீ. 306.3 வந்தால் அரை சதவீதத் தேய்மானம், அந்தக் கட்டத்தில் செயினை மாற்றினால் ஃப்ரீவீல் பிழைத்துக்கொள்ளும். 307 தாண்டினால் சந்தேகம். 308 தொட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இனிமேல் மாதம் ஒருமுறை இந்த அளவை எடுங்கள். செயின் விலை குறைவு, அதைக் காலத்தில் மாற்றினால் ஒரு ஃப்ரீவீல் இரண்டு மூன்று செயினுக்கு வரும்.

வாங்கும்முன் பின்சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா (ஹப்பின் மேல் செருகும் பல்சக்கரத் தொகுதி) என்று உறுதி செய்யுங்கள். ஹப் என்பது சக்கரத்தின் நடு உருளை. 14-இல் தொடங்கும் ஏழு கியர் என்றால் பெரும்பாலும் ஹப்பில் மரை போட்டுத் திருகிய ஃப்ரீவீல்தான். சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். கழற்றும் கருவி நுழையும் உள்பள்ளம் பல்லோடு சேர்ந்து சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீல், சேர்ந்து சுற்றினால் கேசட். பழையது 14-28 என்றால் புதியதும் 14-28 வாங்குங்கள். 34 பல் ஆசை வந்தால் டீரெய்லர் அதிகபட்சம் எத்தனை பல் தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும், செயினும் நீளம் போதாமல் போகலாம்.

கழற்ற 12 பள்ளமுள்ள ஷிமானோ வகைக் கருவியும் 24 மி.மீ. நீள ஸ்பேனரும் வேண்டும், பெஞ்ச் வைஸ் இருந்தால் இன்னும் நல்லது. கருவியைச் சும்மா செருகித் திருப்பாதீர்கள். வழுக்கினால் உள்பள்ளம் சிதைந்துவிடும், அப்புறம் அந்த ஃப்ரீவீல் சுலபத்தில் கழலாது. ஆக்சில் நட்டையோ குயிக் ரிலீஸ் கம்பியையோ கருவியின் மேல் லேசாக முடுக்கி, கருவி வெளியே எழாதபடி வைத்துக்கொண்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை இறுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, அதனால் முதல் அரைச்சுற்றுக்கு நல்ல பலம் வேண்டும். அசைந்ததும் நட்டைத் தளர்த்திவிட்டுக் கையால் சுழற்றி எடுக்கலாம். புதியதைப் போடும்போது ஹப் மரையில் கிரீஸ் தடவி, கையாலேயே முதல் சில சுற்று. மரை கோணலாக ஏறினால் அலுமினிய ஹப் போச்சு. கருவியால் இறுக்க வேண்டாம், மிதித்தாலே இறுகிவிடும்.

கிராங்கில் பார்க்க வேண்டியது ஒன்றே. செயின் 38 பல் சக்கரத்தில் இருக்கும்போது அந்தப் பல்சக்கரத்தின் முன்பக்கத்தில் செயினை விரலால் வெளியே இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே வந்தால் தேய்ந்திருக்கிறது. இல்லையென்றால் அடுத்த செயின் வரைக்கும் தாங்கும்.

சாந்துச்சட்டி

மண்ணெண்ணெய்ல ராத்திரி பூரா ஊறப்போட்டு எடுத்தா செயினும் ஃப்ரீவீலும் புதுசு மாதிரி ஆயிடும். இதுக்குப் போயி எதுக்குச் செலவு?

பால்ரஸ்

அழுக்கு போகும், தேய்ந்த இரும்பு திரும்பி வராது. ஃப்ரீவீலை ஊறப்போடவே கூடாது. உள்ளே நாக்கிலும் பால்ரஸிலும் (சிறு இரும்புக் குண்டுகள்) இருக்கும் கிரீஸ் கரைந்து, வெளியிலிருக்கும் மணல் உள்ளே போய்விடும். பல்லிடுக்கில் பழைய துணியைப் பட்டையாகக் கிழித்து இழுத்தாலே போதும்.

புதுச் செயினையும் கழுவாதீர்கள். கம்பெனியில் போட்டு வரும் பசை ரோலருக்குள் இருக்கும், அதைவிட நல்ல எண்ணெய் பிறகு நாம் போடப் போவதில்லை. வெளிப்பக்கம் மட்டும் துடைத்தால் போதும். அப்புறம் 150, 200 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், நனைந்த ஒவ்வொரு நாளும் எண்ணெய். செயினின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கத்தில், ரோலருக்கு ஒரு சொட்டு. மிதியைப் பின்னால் சுழற்றிக்கொண்டே போட்டால் இரண்டு நிமிட வேலை. பத்து நிமிடம் கழித்துத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும், பலர் விடுவது இதைத்தான். வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெய் எதற்கும் உதவாது, தூசியைப் பிடித்துக் கருப்புப் பசையாக்கும், அந்தப் பசைதான் செயினை அறுக்கிறது. கடைகளில் ஊற்றும் பழைய எஞ்சின் ஆயிலில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கும், வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, அவசரத்துக்குச் சரி, ஒரு மழையில் போய்விடும். துரு விடுவிக்கும் ஸ்பிரே ஈரத்தை விரட்டும், செயினுக்குள் தங்காது. அடித்தால் அதன்மேல் செயின் எண்ணெயும் போட வேண்டும்.

காத்துப்பம்பு

டயருக்கு வருகிறேன். பஞ்சர் ஒட்டுபவரிடம் டியூபைக் கொடுப்பதற்கு முன்னால், டியூபும் டயரும் ரிம்மில் எந்த நிலையில் இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். டயரில் உள்ள எழுத்து எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிவைத்தால் இது சுலபம். டியூபில் ஓட்டை எங்கேயோ அதற்கு நேராக டயரில் தேடலாம்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். சாலைப் பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடி, அல்லது கம்பி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக் நிப்பிளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது. வால்வு அடியில் கிழிந்தால் காற்றுக் குறைவில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபை இழுத்திருக்கிறது.

ரேடியல் ரோடு, ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி லாரி ஓடும் சாலைகளில் பெரும் வில்லன் வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் முடிபோல் மெல்லிய ஸ்டீல் கம்பி. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் சட்டென்று சிக்காது. டயருக்குள் குத்தியபடியே இருந்து, புது டியூப் போட்டாலும் இரண்டு நாளில் அதே இடத்தில் பஞ்சராக்கும். அடிக்கடி பஞ்சர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதுதான். ஒரு பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு திசையில், பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கிறது. குறடு அல்லது நகவெட்டியால் பிடுங்குங்கள். ஓட்டும் ஓரத்தையும் யோசியுங்கள். வண்டிகளின் சக்கரம் படாத சாலையோரத்துக்குத்தான் குப்பை ஒதுங்கும், இடது ஓரத்தில் ஒட்டிப் போனால் கம்பியெல்லாம் உங்களுக்கே. ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டினால் பஞ்சர் கணிசமாகக் குறையும்.

காற்று: உங்கள் எடைக்கும் 35 அகல டயருக்கும் பின்னால் 65 முதல் 70, முன்னால் 50 முதல் 55 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் அச்சடித்த உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. சைக்கிள் டியூபில் காற்று தானாகவே கசியும், வாரம் ஒருமுறை அளவுமானியுள்ள நின்றடிக்கும் பம்பால் ஏற்ற வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதில் 40-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியாது. பெட்ரோல் பங்கில் அடித்தால் கவனம். அந்தக் கம்ப்ரஸருக்கு உங்கள் டியூப் ஒரு வாய், சில நொடியில் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து வெடிக்கும். விட்டு விட்டு அடியுங்கள். உங்கள் வண்டியில் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வாக இருந்தால் டியூப் வாங்கும்போதும் அதையே கேளுங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ரிம் துளை 6.5 மி.மீ., தடித்ததற்கு 8.5. பெரிய துளையில் மெல்லியதைப் போட்டால் வால்வு ஆடி, அடியில் கிழியும்.

டயர் வாங்கும்போது அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் அமரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மி.மீ.-இல். உங்களுக்கு வேண்டியது 622. நம் ஊர் கருப்பு சைக்கிளின் 28×1½ என்பது 635. இரண்டையும் 28 அங்குலம் என்றே சொல்லி விற்பார்கள், ஒன்று மற்றதில் ஏறாது. 26-இல் இன்னும் குழப்பம்: 26×1.75 என்றால் 559, 26×1⅜ என்றால் 590.

பின்னுக்கு மட்டும் ஒரு பஞ்சர் தடுப்பு டயர் வாங்கினால் போதும். ஷ்வால்பே மாரத்தான் போன்றவற்றில் ஓடுபரப்புக்கு அடியில் தடித்த ரப்பர் பட்டை இருக்கும். கம்பி முழுவதும் நுழையாமல் நிற்பது அதனால்தான். எடை கூடுதல், ஓட்டம் கொஞ்சம் மந்தம், அலுவலகப் போக்குவரத்துக்கு அது ஒரு குறையே இல்லை. விலைதான் உறைக்கும். அவ்வளவு வேண்டாம் என்றால் சாதாரணக் கம்பெனி டயரிலேயே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். டியூபுக்குள் ஊற்றும் பசை வேண்டாம். வால்வை அடைக்கும், பிறகு அந்த டியூபில் பேட்ச் ஒட்டாது.

ஒட்டுவதில் ஒரே ரகசியம் பொறுமை. உப்புத்தாளால் பேட்சை விடப் பெரிய இடத்தைத் தேய்த்து, டியூப் வார்ப்பில் வரும் மேட்டுக்கோடு இருந்தால் அதையும் மட்டமாக்கி, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். பளபளப்பு போய் மங்கும் வரை, நம் வெயிலில் மூன்று நான்கு நிமிடம், காத்திருங்கள். ஈரமாக ஒட்டினால் பேட்ச் நழுவும். திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதத்தில் உலர்ந்துவிடும், பையில் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள்.

ஈரரோடு

பிரேக். முதலில் ரிம்மில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் குரோம் பூசிய ஸ்டீல் ரிம். ஈரத்தில் அது எந்தப் பிரேக் கட்டை போட்டாலும் சுமார்தான், காசை ரிம்முக்குச் சேர்த்து வையுங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், கட்டையிலும் வைக்கும் கோணத்திலும்தான் விஷயம் இருக்கிறது.

கட்டையைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் மேல்பரப்பு இறுகிவிட்டது, அதில் பொடிப்பொடியாக அலுமினியம் மின்னும். சாலை மணலும் ரிம் தூளும் மழைநீரில் கலந்து கட்டைக்குள் பதிந்து, அப்புறம் ரிம்மையே கடைகிறது. கத்தலின் பாதி அதுதான். ஊசியால் அவற்றைக் கிளறி எடுத்து, 80 அல்லது 100 எண் உப்புத்தாளைத் தரையில் விரித்து அதன்மேல் கட்டையை நாலு இழுப்பு இழுங்கள். ரிம்மை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். செயினுக்கு அடித்த எண்ணெய் ரிம்மில் தெறித்திருந்தாலும் இதில் போய்விடும். கட்டையில் பள்ளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள். கூல் ஸ்டாப் கம்பெனியின் சால்மன் நிறக் கட்டை ஈரத்துக்கென்றே செய்தது, கிடைத்தால் வாங்கலாம்.

மாட்டும் முறையில்தான் கடைகளில் அவசரப்படுகிறார்கள். வி-பிரேக் கட்டைக் காம்பில் குழிந்த வாஷரும் குவிந்த வாஷரும் ஜோடியாக, தடிமன் ஒன்று, மெல்லியது ஒன்று என்று இரண்டு ஜோடி இருக்கும். பிரேக் கையின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. பிரேக் கைகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும்படி எந்த ஜோடி உள்ளே என்று தேர்ந்தெடுங்கள். கட்டை ரிம்மின் மேல் விளிம்புக்கு ஒரு மி.மீ. கீழே உட்கார வேண்டும். மேலே போய் டயரைத் தொட்டால் சில நாளில் பக்கச்சுவர் அறுந்து டியூப் வெளியே பிதுங்கும், ஓடும்போது நடந்தால் ஆபத்து. கீழே இறங்கினால் கட்டையில் உதடு உருவாகி ரிம்முக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கத்தலை நிறுத்த, கட்டையின் முன்முனை பின்முனையை விட ஒரு மி.மீ. முந்தித் தொட வேண்டும். முன் என்பது சக்கரம் சுழன்று போகும் திசை. பின்முனையில் விசிட்டிங் கார்டை மடித்துச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே 5 மி.மீ. அலன் கீயால் முடுக்கினால் தானாக வந்துவிடும். பிறகு கார்டை உருவுங்கள். ஒரு பக்கக் கை மட்டும் ரிம்மை உரசினால் கையின் அடியில் உள்ள சிறு ஸ்குருவால் ஸ்பிரிங்கைச் சமன் செய்யலாம்.

லீவர் கனமாக இருக்கிறதா? அப்படியென்றால் கேபிள். நனைந்து துருப்பிடித்த உள்கம்பிக்கு எண்ணெய் விட்டு ஓட்டுவதைவிட ஸ்டெயின்லெஸ் கம்பி மாற்றுவது மேல். வாங்கும்போது கடையில் கலந்துவிடுவார்கள்: பிரேக் உள்கம்பி 1.5 அல்லது 1.6 மி.மீ., கியர் கம்பி 1.2. உறையும் அப்படியே, பிரேக்குக்கு 5 மி.மீ. சுருள் உறை, கியருக்கு 4 மி.மீ. நீளக்கம்பி உறை. கியர் உறையைப் பிரேக்கில் ஒருபோதும் போடாதீர்கள். முழுப் பலத்தோடு அழுத்தும்போது பக்கவாட்டில் பிளந்துவிடும், லீவர் ஹேண்டில்பாரைத் தொடும், வண்டி நிற்காது.

என்ன செய்தாலும் மழையில் முதல் ஒன்றிரண்டு சுற்று ரிம் தண்ணீரை வழிப்பதிலேயே போகும். சிக்னல் வருமுன் கட்டையை லேசாக உரசவிட்டு ரிம்மைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்துங்கள்.

கூடவே ரிம்மின் பக்கவாட்டில் ஒரு ஸ்கேலை வையுங்கள். குழி விழுந்திருந்தால் சுவர் மெலிகிறது. 70 பிஎஸ்ஐ காற்று அந்தச் சுவரைத்தான் வெளியே தள்ளுகிறது என்பதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

யாழ்_மிதி

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு கேள்வி. இஞ்ச எங்கட லுமாலா சைக்கிள், 28×1½ ரயர், கம்பிப் பிரேக். காத்துப்பம்பு அண்ணை சொன்ன 635 தான் போல. மிதிக்கேக்குள்ள ஒரு பக்கக் கிராங் மட்டும் ‘டொக் டொக்’ எண்டு ஆடுது. முடுக்கினாலும் ரெண்டு நாளில திரும்பவும் அதே. என்ன செய்யலாம்?

பால்ரஸ்

பிரச்சினை கிராங்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் தம்பி, ஒரு முகம் சாய்வாக உள்ள ஆப்பு மாதிரி ஆணி அது. நட்டை முடுக்கினால் பின் உள்ளே வராது, மரைதான் போகும். நட்டு பின்னை வெளியே விழாமல் வைத்திருக்க மட்டும்தான். ஒருமுறை ஆடியபடி ஓட்டினால் பின்னின் சாய்வுமுகத்தில் பள்ளம் விழுந்துவிடும், அதன் பிறகு எத்தனை முறை முடுக்கினாலும் நிற்காது. புதுப் பின் போடுங்கள், இரண்டு பக்கமும். 9.0, 9.5 மி.மீ. என இரண்டு தடிமன் உண்டு, பழையதை வேர்னியரில் அளந்து வாங்குங்கள்.

அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே, பின்னின் துளைக்கு நேராகத் துளையுள்ள ஒரு இரும்புக் குழாயை நிலத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) பால்ரஸில் விழும். பின்னை அடித்து இறக்கிய பிறகு நட்டைப் போடுங்கள். இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்க வேண்டும். ஒரே திசையில் போட்டால் மிதிகள் நேர்கோட்டில் வராது. முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு அடி, மறுபடி ஒரு முடுக்கு.

ஒத்தையடிப்பாதை

பழைய செயினை அளந்தேன், 308.5 மி.மீ. உள்பள்ளம் பல்லோடு சேர்ந்து சுற்றவில்லை, அதனால் ஃப்ரீவீல்தான். பஞ்சு வைத்துத் தடவியதில் பின் டயரில் இரண்டு கம்பி கிடைத்தது. ரிம்மில் காந்தம் ஒட்டவில்லை. கிராங்கில் செயினை இழுத்தால் பல்லின் கால் பங்குதான் வெளியே தெரிகிறது.

ஃப்ரீவீல், பின் டயர், நாலு பிரேக் கட்டை, பிரேக் கேபிள், ஒரு பம்பு வாங்குகிறேன். மீதியில் வேறு ஏதாவது? மழைக்கு ஸ்டீல் ஃபிரேம் துருப்பிடிக்காமல் என்ன செய்வது?

ஈரரோடு

ஃபிரேமுக்கு: சீட் கம்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். அலுமினியக் கம்பி ஸ்டீல் குழாயில் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் ஒட்டிப்போய், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உயரம் மாறாமல் இருக்க முதலில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் எல்லாம் பாட்டம் பிராக்கெட்டில்தான் சேரும். அதன் அடியில் சிறு துளை இருந்தால் சேறு அடைக்காமல் குத்திவிடுங்கள். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் உப்புத்தாள் போட்டு, பிரைமர் தொட்டு, நெயில் பாலிஷ் வைத்தாலும் போதும், நிறம் பொருந்தாது, பரவாயில்லை.

மீதிப் பணத்தில் மட்கார்டு, 45 மி.மீ. அகலம். முன் மட்கார்டின் நுனியில் ரப்பர் மடல் தரையிலிருந்து ஒரு சாண் வரை தொங்க வேண்டும். முன்சக்கரம் வாரும் மணல்நீர் நேராகச் செயினிலும் கிராங்கிலும்தான் விழுகிறது, அந்த மடல் இருந்தால் செயின் ஆயுள் கூடும். பின் விளக்கு இல்லையென்றால் மட்கார்டுக்கும் முன்னால் அது. கேரியர் பை மறைக்காத இடத்தில், தரைக்கு இணையாகப் பார்க்கும்படி மாட்டுங்கள். வானத்தையோ தார் ரோட்டையோ பார்த்து எரிந்தால் பின்னால் வரும் வண்டிக்குத் தெரியாது.

பால்ரஸ்

308.5 என்றால் சந்தேகமே வேண்டாம். போன மாதம் போட்ட செயினையும் ஒருமுறை அளந்துவிடுங்கள், தேய்ந்த பல்லில் ஓடியிருக்கிறது. 305.5-க்குள் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரீவீல் மாற்றிய பிறகு கியர் கொஞ்சம் விலகும். ஆகச் சின்னப் பல்லில் வைத்து, டீரெய்லரின் பின்பக்கம் உள்ள குமிழை முழுக்க உள்ளே திருகி, கேபிளைத் தொய்வில்லாமல் இழுத்து முடுக்குங்கள். ஒரு கிளிக் கொடுத்ததும் இரண்டாவது பல்லுக்கு ஏறத் தயங்கினால் குமிழை இடப்பக்கம் அரைச்சுற்று. மூன்றாவதை உரசினால் வலப்பக்கம். எச், எல் என்று எழுதிய இரண்டு ஸ்குருவைத் தொடாதீர்கள். செயின் ஓரத்துப் பல்லைத் தாண்டி விழுந்தால் மட்டும்தான் அவற்றுக்கு வேலை.

சக்கரம் வெளியே இருக்கும்போதே ஆக்சிலை விரலால் சுழற்றுங்கள். கரகரத்தால் கோனும் (பால்ரஸ் உருளும் கூம்பு) பால்ரஸும் பார்க்க வேண்டும். வழக்கமாகப் பின்னால் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். பழையதையும் புதியதையும் கலக்காமல் மொத்தமாக மாற்றுங்கள். சுழலும்போது ஆக்சில் முனை வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பால்ரஸ் வெகு உள்ளே தள்ளி இருப்பதால் அந்தப் பக்க ஆக்சில் தாங்கலில்லாமல் நீண்டு நிற்கும், கேரியர் சுமையோடு பள்ளத்தில் இறக்கினால் வளைவது அதுதான். வளைந்ததை நிமிர்த்த வேண்டாம், அதே நீளம், அதே மரை பார்த்துப் புது ஆக்சில்.

செயினைக் கழற்றி மாட்ட இணைப்புக் கண்ணி வாங்கினால் 6-7-8 கியர் என்று எழுதியதைக் கேளுங்கள். ஒன்பது கியருக்கானது குறுகலாக இருக்கும், உங்கள் செயினில் பூட்டாது.